நெருக்கடிக் காலத்து அறிவும் தரவுப் பொறிகளும்

பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் முதற்கண் செய்யும் பணி இடாப்பைப் பதிதலாகும். வந்தோர் எத்தனைபேர், வராதோர் எத்தனைபேர் என்பது இரண்டு நிமிடத்துள் தெரிந்துவிடும். ஆயின், வராதவன் ஏன் வரவில்லை என்பதை இடாப்புக் கூறமாட்டாது. அவன் காய்ச்சலாற் படுத்திருக்கலாம். தந்தையாருடன் கடற்றொழிலுக்குச் சென்றிருக்கலாம். குடும்பமே இரவோடிரவாக இடம்பெயர்ந்திருக்கலாம். முன்னையதைத் தரவு என்றும் பின்னையதை அறிவு என்றுங் கொள்வோமாயின், அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருளாகும்.

போர், வெள்ளம், கொள்ளைநோய், கலவரம் ஆகிய நெருக்கடிக் காலங்களில் இத்தொலைவு உயிர்களின் அளவாகிவிடுகின்றது. செய்மதிப் படங்கள், கைத்தொலைபேசித் தரவுகள், அடையாளப் பதிவேடுகள் என்பனவற்றைச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளின்மூலம் ஆராய்ந்து, எங்கே இடர், யார் இடருள்ளார், யாரால் இடர் என்பவற்றைக் கணிக்கும் முறைகள் இன்று உலகெங்கும் பரவி வருகின்றன. இவற்றை வியந்து போற்றுவோரும் உளர். அஞ்சி வெறுப்போரும் உளர். எண்ணப்பட்டதனாலும் எண்ணப்படாமையாலும் ஒருங்கே துன்புற்ற மக்களாகிய நாம் இவ்விரண்டு நிலைகளையும் விலக்கி, பொருளை அதன் இயல்பறிந்து நோக்குதல் வேண்டும்.

தரவும் அறிவும்

பழைய கணினி முறையில் விதிகளை மனிதரே எழுதிக் கொடுத்தனர். பொறி அவ்விதிகளின்படி கணித்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு இதனின் வேறானது. ஏராளமான எடுத்துக்காட்டுகளைப் பொறிக்குக் காட்டுகின்றனர். அவற்றிலுள்ள ஒழுங்குகளைப் பொறி தானே தேர்ந்தெடுத்துக் கொள்கின்றது. இடிந்த வீடுகளின் செய்மதிப் படங்கள் ஆயிரக்கணக்கிற் காட்டப்பட்டால், புதிய படமொன்றில் இடிந்த வீடு எது என அது சுட்டும்.

இவ்வியல்பிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, தனக்குக் காட்டப்படாத எதனையும் பொறி அறியாது. இரண்டு, மிகுதியாகக் காட்டப்பட்டவற்றை நன்கும் குறைவாகக் காட்டப்பட்டவற்றைப் பிழையாகவும் அறியும். மூன்று, அது தருவது நிகழ்தகவேயன்றி உண்மையன்று. இம்மூன்றையும் நினைவிற் கொண்டு, நம் நாட்டில் நாமறிந்த சில நிகழ்ச்சிகளை நோக்குவாம்.

வந்துஞ் சேராத செய்தி

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் காலை, இலங்கை நேரப்படி ஏறத்தாழ 6.59 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கியது. அவ்வதிர்வைக் கண்டியை அடுத்த பல்லேகலையில் அமைந்திருந்த பதிகருவியும் பதிந்தது. அவாய்த் தீவிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் 15 நிமிடத்துள் முதல் அறிக்கையை வெளியிட்டது. அவ்வறிக்கை நடுக்கத்தின் அளவை 8.0 என்றது; பசிபிக் கரைகளுக்கு இடரில்லை என்றது. அளவையில் ஒன்று கூடின் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். பின்னர்க் கணிக்கப்பட்ட அளவு 9.1 ஆதலின், முதலறிக்கை உண்மையாற்றலின் மிகச் சிறு பங்கையே கண்டிருந்தது.

பேரலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரஞ் சென்றது. மணற்காட்டிலும், வடமராட்சி கிழக்குக் கரையோரம் முழுவதிலும், முல்லைத்தீவிலும் வாழ்ந்த மக்கள் அவ்விரண்டு மணி நேரத்தில் ஒன்றும் அறிந்திலர். நாடு முழுவதிலும் 30,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈண்டுத் தரவு இல்லாமலில்லை. பல்லேகலையில் இருந்தது, அவாயில் இருந்தது. தரவை எச்சரிக்கையாக மாற்றிக் கரையிலுள்ளோர் செவியிற் சேர்க்கும் ஒழுங்கே இருக்கவில்லை.

இவ்வழிவிலிருந்து இரண்டு நன்மைகள் பிறந்தன. முதலாவது, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், 2011இல் இயங்கத் தொடங்கிய இந்து சமுத்திர ஆழிப்பேரலை எச்சரிக்கை ஒழுங்குமாகும். 2012 ஏப்பிரில் 11ஆம் நாள் அதே கடலில் 8.6 அளவான நடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை உடன் வந்தது. கரையோர மக்கள் வெளியேறினர். நிலத்தட்டுகள் மேலெழாது பக்கவாட்டில் நகர்ந்தமையாற் பேரலை எழவில்லை. எச்சரிக்கை வீணாயிற்றென அன்று சிலர் நகைத்தனர். அவ்வாறு நகைத்தல் தவறு. அலை எழுமா எழாதா என்பது தெளிவாகுமுன் மக்களை வெளியேற்றுவதே எச்சரிக்கையின் கடன்.

இரண்டாவது நன்மை நம்மவர் பலர் அறியாதது. பேரலைக்குப் பின் சில நாள்களுள், இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, வேண்டப்படும் பொருள்களின் பதிவு ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் நிரலொன்றை ஆக்கினர். சிங்களத்தில் ‘நிவாரணம்’ எனப் பொருள்படும் ‘சகன’ என்பது அதன் பெயர். எவரும் இலவசமாக எடுத்தாளக்கூடியதாக வெளியிடப்பட்ட அந்நிரல், 2005இல் பாக்கித்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விருதையும் அது பெற்றது. செல்வ நாடுகளின் ஆய்வுகூடங்களில் மட்டுமே நெருக்கடிக்கான கருவிகள் பிறக்கும் என எண்ணுவோர்க்கு இது தக்க விடையாகும்.

எண்ணும் எண்ணப்படாதோரும்

அடுத்து, 2009ஆம் ஆண்டின் வன்னிப் போரை நோக்குவாம். இங்கே வினா, செய்தி சேர்ந்ததா என்பதன்று. எத்தனை மக்கள் என்பதே.

நம் குடித்தொகை பற்றிய தரவு நெடுங்காலமாகவே சிதைந்திருந்தது. 1981இல் நடந்த குடிசன மதிப்பில், கிளிநொச்சி நீங்கலான யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 1991இல் மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நாட்டின் 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாக நிறைவேறியது. 2012இல் மீண்டும் முழுமையாக எண்ணியபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே இருந்தனர். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் கிராம சேவையாளரின் பதிவேடும், நிவாரண அட்டையும், கச்சேரிக் கணக்குமே நமக்கிருந்த குடித்தொகை அறிவு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களை எண்ணினார் எவருமிலர்.

2009இன் தொடக்கத்தில், போர்ப் பகுதிக்குள் ஏறத்தாழ 70,000 மக்களே உள்ளனர் என அரசாங்கத்தரப்பிற் கூறப்பட்டது. உணவும் மருந்தும் அனுப்பப்பட வேண்டிய அளவு இவ்வெண்ணைச் சார்ந்ததே. ஆயின் போர் முடிந்தபின் முகாம்களிற் சேர்ந்தோர் தொகை 2 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. எண் பிழைத்தமை வெறுங் கணக்குப் பிழையன்று. அவ்வெண்ணின் மேல் ஒரு தொகை மக்களின் பசி நின்றது.

மாண்டோர் தொகையும் அவ்வாறே பலவாறாயிற்று. ஐக்கிய நாடுகள் அலுவலர்கள் களத்திலிருந்து வந்த செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 2009 மே 13 வரை 7,721 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகத் தொகுத்தனர். செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல், 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்றது. அதே ஆண்டில் அரசாங்கம் வடமாகாணத்தில் வீடுவீடாக நடத்திய உயிர்நிகழ்வுக் கணக்கெடுப்பு அதனிற் பன்மடங்கு குறைந்த தொகையைத் தந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப்பு அவர்கள் 2011 சனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வேறொரு கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபர்த் தொடக்கத்தில் வன்னியிலிருந்தோர் கச்சேரிக் கணக்கின்படி 429,059. 2009 யூலை 10 வரை அரசாங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது எனத் தெளிவுபடுத்துக என்றார்.

இவ்வெண்கள் ஏன் இங்ஙனம் வேறுபடுகின்றன? ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையாற் பிறந்தமையே காரணம். களச்செய்தித் தொகுப்பு, கண்டு கூற ஆளிருந்த சாவுகளையே சேர்க்கும். ஆதலின் அது கீழெல்லை. வீடுவீடான கணக்கெடுப்பு, விடை கூற எவரும் எஞ்சாத குடும்பத்தை எண்ணாது. முழுக்குடும்பமும் மாண்டவிடத்துக் கதவைத் தட்டினாற் பதில் தருவார் யார்? இரு தொகைகளைக் கழித்துப் பெற்ற எண்ணோ, முதற் பதிவிலுள்ள மிகையையும் பின்வந்த பதிவிலுள்ள விடுபாட்டையுந் தன்னுட் கொண்டது; ஆகவே அது விடையன்று, வினா. ஆயர் அதனை வினாவாகவே வைத்தார். அவ்வினாவுக்குப் பெயர்வாரியான விடை இன்றுவரை தரப்படவில்லை.

இக்காலத்திலேயே செய்மதியும் சாட்சியாக வந்தது. செய்தியாளர் எவரும் புகமுடியாத முள்ளிவாய்க்காற் பகுதியின் 2009 மே 6ஆம் நாட் படத்தையும் மே 10ஆம் நாட் படத்தையும் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தினர் ஒப்பிட்டனர். மே 6இல் இருந்த பல கூடாரங்கள் மே 10இல் இல்லை. எறிகணைக் குழிகள் காணப்பட்டன. வானிலிருந்து பெற்ற இத்தகைய தரவு பெரும் பயனுடையது, மறுத்தற்கு அரியது. எனினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். கூடாரம் இல்லாமற் போனதைப் படம் காட்டும்; அதனுள் இருந்தோர் முன்னரே வெளியேறினரா, உள்ளேயே மாண்டனரா என்பதைக் காட்டாது. மேலும், படம் எடுக்கப்பட்டமை மட்டும் எவரையுங் காப்பாற்றவில்லை. ஐக்கிய நாடுகள் நிறுவனம் தன் நடத்தையைத் தானே ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியிட்ட உள்ளக அறிக்கை, தன்னிடமிருந்த தகவலைக் கொண்டு செய்ய வேண்டியதை அந்நிறுவனம் செய்யத் தவறியதை ஒப்புக்கொண்டது. அறிவும் செயலும் வேறுவேறு என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

ஒரு பெயர், எட்டு வடிவம்

காணாமற் போனோரையும் காணாமல் ஆக்கப்பட்டோரையும் பற்றிய பட்டியல்கள் பல உள. 1990 முதல் 16,000இற்கு மேற்பட்ட முறைப்பாடுகளைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பதிந்துள்ளது. பல ஆணைக்குழுக்கள் தனித்தனியே பதிந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் பதிந்தது. ஒரு தாய் ஒரே மகனைப் பற்றி ஐந்து இடங்களில் முறையிட்டிருப்பாள். இப்பட்டியல்களை ஒன்றாக்கி, ஒருவரை ஒருமுறையே எண்ணுதற்குப் பொறிகள் உதவுகின்றன. அதுமட்டுமன்று, பட்டியல்களில் எவ்வளவு பெயர்கள் பொதுவாக அமைகின்றன என்பதைக்கொண்டு, எப்பட்டியலிலும் இடம்பெறாதோர் எத்தனைபேர் என மதிப்பிடும் புள்ளிவிபரவியல் முறையும் உண்டு. இரு வலைகளை ஒரே குளத்தில் வீசினால், இரண்டிலும் அதே மீன்கள் வருமாயிற் குளத்திலுள்ளவை சில. வெவ்வேறு மீன்கள் வருமாயிற் பல என்பது இதன் அடிப்படை. 2009 மேயில் வட்டுவாகலிற் சரணடைந்து காணாமற் போனோர் தொடர்பாகவும் 2018இல் இம்முறை கையாளப்பட்டது.

ஆயின் பெயர்களை ஒப்பிடல் எளிதன்று. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒப்பிடல் மிகவும் அரிது. ஞானசேகரம் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். முதலிலுள்ள ஞகரத்தை எழுத இரு வழக்குகள் உள. ஏகாரத்தை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும் எழுதுவர். இடையிலுள்ள ககரத்தை வல்லொலி எழுத்தாலும் மெல்லொலி எழுத்தாலும் எழுதுவர். இம்மூன்றிடத்தும் இவ்விரண்டாக ஒரே பெயர் எட்டு வடிவம் பெறும். பொறி இவற்றை எட்டுப்பேர் எனக் கொள்ளின் தொகை மிகும். இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தாதே எனப் பொறிக்குக் கற்பித்தாலோ, அடுத்தடுத்த ஒழுங்கைகளில் வாழ்ந்த இரு சிவகுமார்களும் ஒருவராகிவிடுவர். ஒருவரைத் தேடும் தாய்க்கு, உன் மகன் ஏற்கெனவே கணக்கிற் சேர்க்கப்பட்டான் என விடை வரும்.

நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயரில்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்தே உண்டு. மணமான பெண்ணுக்கு அதுவும் மாறும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு ஒப்பிடலாமே எனின், சிறுவர்க்கு அட்டையில்லை; பலமுறை இடம்பெயர்ந்த பெரியோர் பலர் அதனை இழந்தனர். ஆகவே, நம் பெயரிடு முறையையும் ஊர்ப்பெயர்களையும் உறவுமுறைகளையும் அறிந்த ஒருவர் பொறியின் ஒவ்வொரு முடிபையும் சரிபார்த்தல் இன்றியமையாதது. இது கணினி வல்லுநர்க்கு மட்டும் உரிய வேலையன்று, தமிழறிந்தார்க்கும் உரியது.

காக்கும் ஏடும் அழிக்கும் ஏடும்

இதுவரை, எண்ணப்படாமையின் தீமையைக் கண்டோம். இனி எண்ணப்படுதலின் தீமையையும் காண்பாம்.

வாக்காளர் இடாப்பு என்பது குடியாட்சியின் அடிப்படை ஏடு. அதில் பெயரிருப்பின் உரிமையுண்டு. ஆயின் 1983 யூலையிற் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தீயிட்ட கும்பல்கள் கையில் வைத்திருந்த ஏடும் அதுவே. அயலவர்க்கே தெரியாத வீட்டைக் கும்பல் அறிந்தது இடாப்பினால். உரிமை தரும்பொருட்டு எழுதப்பட்ட பெயரும் விலாசமும் உயிர் கவரும்பொருட்டு வாசிக்கப்பட்டன. ஏட்டில் ஓரெழுத்தும் மாறவில்லை. வைத்திருந்த கை மாறியது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. உருவாண்டா நாட்டில் பெல்சியர் ஆட்சிக்காலத்தில் அறிமுகமான இனங்குறித்த அடையாள அட்டை, 1994இல் வீதித் தடைகளிற் கொலைக்குரியாரைப் பிரித்தெடுக்க உதவியது. வங்காளதேசத்தில் அடைக்கலம் புகுந்த உரோகிங்கியா மக்களின் கைவிரல் அடையாளம் முதலிய தரவுகள், அவர்களின் முறையான இசைவின்றி, அவர்களைத் துரத்திய மியன்மார் அரசாங்கத்தின் கையையே அடைந்தன என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021இற் குற்றஞ்சாட்டியது. அகதிகளுக்கான உயர் ஆணையகம் இசைவு பெறப்பட்டதென விடையிறுத்தது. உணவட்டை வேண்டி நிற்பவன் ஒருவன் இசைவு தருகிறேன் என்று கூறுதல் எத்துணை இசைவாகும் என்பது முகாம் வாழ்வை அறிந்த நமக்குத் தெரியும்.

இலங்கை அரசாங்கம் கைவிரல், கண்மணி, முகம் ஆகிய உடலடையாளங்களைக் கொண்ட டிஜிற்றல் அடையாளத் திட்டத்தை இந்திய நிதியுதவியுடன் முன்னெடுத்து வருகின்றது. அலுவலகங்கள்தோறும் அலைவதை அது குறைக்கும். பதிவை இழந்தோர்க்கும் துணையாகும். ஆயினும் பழைய இடாப்பு கச்சேரிகளிற் சிதறிக் கிடந்தது. அதனைத் திரட்டப் பலர் துணை வேண்டும். ஒருங்கிணைந்த பதிவேட்டையோ ஒருவர் ஒரு நொடியில் இனவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்குப் பெற்ற தரவை அந்நோக்கத்துக்கே பயன்படுத்தல் வேண்டும் என்னும் நன்னெறியைக் கூறுகின்றது. தேசிய பாதுகாப்பு என்னுஞ் சொல் வந்தவிடத்து அந்நெறி தளர்வதற்கும் சட்டத்தில் வழியுண்டு. 1983ஐ அறிந்தோர் கவனிக்க வேண்டிய இடம் அதுவே.

தலையாட்டியும் பொறியும்

பாதுகாப்பின் பெயரால் ஐயத்துக்குரியோரைப் பொறி கொண்டு தெரிதல் இன்று பல நாடுகளில் வழக்காகிவிட்டது. இதனை விளங்கிக்கொள்ள நமக்கு அயல்நாட்டு உவமை வேண்டியதில்லை. சுற்றிவளைப்புக் காலங்களில் ஊரவரைக் கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவர் முன்னால் நடத்துவர். அவர் தலையசைத்தால் அம்மனிதன் வரிசையிலிருந்து விலக்கப்படுவான். தலையாட்டி என்பது ஊர் அவருக்கிட்ட பெயர். ஏன் தலையசைத்தார் என்று எவரும் அவரைக் கேட்க முடியாது. அவர் அச்சத்தால் அசைத்தாரா, பகையால் அசைத்தாரா, உண்மையறிந்து அசைத்தாரா என்பது மூடிய துணிக்குள் மறைந்துவிடும்.

பொறிக்கு அச்சமுமில்லை, பகையுமில்லை. ஆதலின் அது மேலானதன்றோ எனச் சிலர் வினவுவர். ஒரு கணக்கால் விடை கூறுவாம். 100,000 பேர் வாழும் நகரொன்றில் உண்மையில் இடர் விளைக்கக்கூடியோர் 10 பேர் எனக் கொள்க. நூற்றுக்கு 99 முறை சரியாகக் கூறும் மிகச் சிறந்த பொறியொன்று அனைவரையும் ஆராய்கின்றது. அப்பத்துப் பேரையும் அது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் எஞ்சிய 99,990 பேரில் நூற்றுக்கு ஒருவரைப் பிழையாகச் சுட்டும். அஃதாவது ஏறத்தாழ 1,000 பேர். ஆகவே பொறி தலையசைத்த 1,010 பேரில் 1,000 பேர் குற்றமற்றோர். நூற்றுக்கு 99 சரி என்னும் பொறி, பிடிபட்டோரளவில் நூற்றுக்கு 99 பிழையாகின்றது. பொறியின் குறையன்று இது. தேடப்படும் பொருள் மிக அரியதாயிருப்பதன் விளைவு. நிகழ்தகவு கற்கும் மேல்வகுப்பு மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

அன்றியும், பொறி எந்தப் பழைய கைதுகளின் ஏடுகளைக்கொண்டு கற்றதோ அவ்வேடுகளின் சாய்வே அதன் சாய்வுமாகும். ஓரினத்தாரையும் ஓரூராரையுமே மிகுதியாகப் பிடித்த காலத்து ஏட்டிலிருந்து கற்ற பொறி, அவ்வினத்தையும் அவ்வூரையுமே மீளச் சுட்டும். தலையாட்டியின் துணி இங்கே கணிதமாகிவிடுகின்றது.

தரவு பெருகப் பெருகப் பாதுகாப்பும் பெருகும் என்னும் நம்பிக்கைக்கு 2019 ஏப்பிரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு விடையாகும். தாக்குதல் பற்றிய எச்சரிக்கை இந்தியாவிலிருந்து ஏப்பிரில் 4ஆம் நாளே வந்திருந்தது. 250இற்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 சனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம், கிடைத்த தகவலின்மேற் செயற்படத் தவறிய முன்னாட் சனாதிபதி உட்படப் பலர் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்த்தது. அன்று குறைவாயிருந்தது தரவன்று, பொறுப்பு.

மொழியறியாக் காவலன்

2018 பெப்பிரவரியில் அம்பாறையில் முசிலிம் ஒருவரின் உணவுச்சாலையில் மலட்டு மாத்திரை கலந்த உணவு விற்கப்படுவதாக வதந்தி பரவியது. சிங்களம் நன்கறியாத உணவுச்சாலையாரைச் சூழ்ந்த கூட்டத்தார் வினவ, அவர் தடுமாறிக் கூறிய விடையை ஒப்புதலாகக் காட்டும் காணொளி முகநூலிற் பரந்தது. ஆய்வில் அது மாக்கட்டி என்பது தெளிந்தது. அதற்குள் அங்குப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மார்ச்சில் திகனையில் கலவரம் மூண்டது. அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு வாரமளவில் முடக்கியது. வெறுப்புரைகள் பற்றி நம் நாட்டவர் பன்முறை முறையிட்டும் அவற்றை வாசித்தறியச் சிங்களந் தெரிந்தோர் அந்நிறுவனத்திற் போதியளவு இருக்கவில்லை. தன் தளத்தின் பங்குக்கு முகநூல் நிறுவனம் 2020 மேயில் வருத்தந் தெரிவித்தது.

பொறி காவலனாக நிற்கும்போது அது எம்மொழியிற் கற்றது என்பதே முதல் வினா. ஆங்கிலத்தில் அளவிறந்த எழுத்து மின்வடிவிலுண்டு, தமிழிற் சிறிது, அதிலும் ஈழத்து வழக்கு மிகச் சிறிது. வெள்ளத்தின்போது ஒருவர் ‘வான் கதவு திறந்திட்டாங்கள், வாய்க்கால் மேவுது’ என எழுதினால், அதனை உதவிக் குரலாகக் கொள்ளப் பொறிக்குக் குளமும் வாய்க்காலும் வன்னியும் தெரிதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இந்நாட்டில் 600இற்கு மேற்பட்டோரைக் கொன்றது. காலநிலையைக் கணிக்கும் பொறிகள் 1964 திசெம்பரில் தனுக்கோடியை அழித்த புயற்காலத்தில் எண்ணியும் பாராத திறம் பெற்றுள்ளன. எனினும் எச்சரிக்கை கேட்பவன் மொழியில், அவனூர்ப் பெயர் சுட்டி, உரிய வேளையில் வாராதாயின், 2004இன் அவாய் அறிக்கைக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

நம் கடன்

இவற்றால் நாம் செய்யத்தக்கன மூன்று எனத் தோன்றுகின்றது.

முதலாவது, எண்ணைக் கண்டவிடத்து அதன் பிறப்பை வினவுதல். யார் எண்ணினார், எப்படி எண்ணினார், எவர் எண்ணப்படாது விடுபட்டார் என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் பழகிக்கொள்ளல் வேண்டும். நமக்கு உவப்பான எண்ணையும் அவ்வாறே வினவுதல் அறமாகும்.

இரண்டாவது, நம் பதிவுகளை நாமே பேணுதல். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பலவற்றிற்கு வேறு படி இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் அப்பிழையை மீளவிடாது காக்கும் முயற்சி. ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள், மரண அறிவித்தல்கள், கோயிற் கணக்குகள் அனைத்தும் அங்குச் சேர்தல் வேண்டும். நாளைய பொறி நம்மைப் பற்றி அறிவது இன்று நாம் அச்சிட்டும் பதிந்தும் வைப்பவற்றாலேயே.

மூன்றாவது, பொறி கூறும் முடிபுக்குப் பொறுப்பேற்கும் மனிதன் ஒருவனைக் கோருதல். ஏன் என்று கேட்க முடியாத எந்த முடிபும், அது துணியால் மூடப்பட்டதாயினும் கணிதத்தால் மூடப்பட்டதாயினும், நீதியாகாது.

நெடுநாள் வராத மாணவனின் பெயரை இடாப்பிலிருந்து நீக்குதற்கு விதியுண்டு. ஆயினும் நல்லாசிரியர் எவரும் வீட்டுக்கு ஆளனுப்பி விசாரியாது அப்பெயரின்மேற் சிவப்புக்கோடு இடுவதில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்பிரவரி 20ஆம் நாள் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அவ்விசாரணையையே. பெயரைத் தேடித்தரப் பொறி துணைசெய்யும். வீட்டுவாசலிற் சென்று கேட்கவேண்டியவர் நாமே.